ஜிமிக்கிச் செடிக்கு ஸ்வெட்டர் போட்டவருக்கு

செய்தது நீதான். இல்லையென்று தலையாட்டாதே. மேல் எஸ்டேட்டில் உட்கார்ந்துகொண்டு ஆட்டினால் கீழே தெரியாது என்கிற தைரியமா? பதினோராம் வளைவில் இருக்கிற நாற்பது வீட்டுக்கும் தெரியும், டீக்கடைக்குத் தெரியும், வளைவு ஏறி மூச்சு வாங்க நின்றுபோகிற அத்தனை பஸ்ஸுக்கும் தெரியும். ஒருத்தியின் தாய்ச்செடிமேல், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சொந்த ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டு, மறுநாளிலிருந்து மேல்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாயே, இது எந்த ஊர் நியாயம்? எடுத்தவன் ஒளிவதைப் பார்த்திருக்கிறது இந்த மலை. கொடுத்தவன் ஒளிந்தது உன்னோடுதான் ஆரம்பம். உன் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் இன்னும் இரண்டு மலை தாண்டிப் போய்க் குந்திக்கொள்வாய். ஆனால் நீ பாதியில் ஓடியவன், மீதி என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து கேள்.

சிரோன்மணிக்கு நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு வயதில் மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையிலிருந்து சிதறிய உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், அந்தக் கிழங்கை அதே மண்டி வாசலில் அதே வியாபாரிக்கே திருப்பி விற்கக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து வாயை மட்டுமே துணையாக வைத்துக்கொண்டு மலை ஏறி, பதினோராம் வளைவில் யாரும் சீந்தாத ஒரு சரிவை வளைத்து, பால்பாக்கெட்டிலும் எண்ணெய் டின்னிலும் செடி நட்டு, அந்தச் சரிவை ‘சிரோன்மணி நர்சரி’ என்று பஸ் கண்டக்டர்கள் நிறுத்தத்தின் பெயராகவே கூவும்படி ஆக்கியவள். அந்த நர்சரிக்குத் தாய் ஒரே ஒரு செடி. காதில் தொங்குகிற ஜிமிக்கி மாதிரி, சிவப்பு மேல்பாவாடையும் ஊதா உள்பாவாடையுமாகத் தலைகீழாய்ப் பூக்கிற செடி, அதனால் ஊரில் அதற்கு ஜிமிக்கிச் செடி என்று பெயர். துரை பங்களாக் குப்பையில் வேர் தெரியக் கிடந்ததை எடுத்து வந்து பிழைக்கவைத்தாள். வருசா வருசம் மாசியில் அதன் கிளைகளை ஒடித்து மணலில் ஊன்றி ஆயிரம் குட்டி எடுப்பாள், அந்த ஆயிரமும் சித்திரையில் கார்களில் ஏறிச் சமவெளிக்குப் போகும், அதை வைத்துத்தான் மீதிப் பதினொரு மாதம். அந்தச் செடியை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை ஒரு சுற்றுலாக்காரர் குடைக்காம்பால் ஒரு பூவை நிமிர்த்திப் பார்த்தார். குடை இரண்டு துண்டாகத்தான் ஊருக்குப் போனது.

பனிக்காலத்துக்கு அங்கே ஒரு முறை உண்டு. கார்த்திகையில் நீர்ப்பனி விழும், மார்கழியில் அது உறையும், புல் உப்புக் கொட்டினாற்போல் வெளுக்கும், ஆனால் பனி செடியைக் கொல்வதில்லை. பனிமேல் முதல் வெயில் விழுகிறதே, அதுதான் கொல்லும், சுட்ட அப்பளம் மாதிரி இலை கருகும். அதனால் சாயங்காலமே செடிகளை மூடவேண்டும், மூட முடியாததை வெயில் மலையைத் தாண்டுமுன் பூவாளித் தண்ணீரால் கழுவவேண்டும். மூடுவதற்குக் காட்டில் மிலார் என்று ஒரு குத்துச்செடி இருக்கிறது, அதை வெட்டி வந்து கூடாரம் போல் கவிழ்ப்பார்கள். போன வருசம் அடித்த பனியில் பயந்துபோய் எல்லோரும் மிலாரை அடியோடு வெட்டித் தீர்த்துவிட்டார்கள், இந்த வருசம் அது முளைக்கவில்லை. சாக்குகளெல்லாம் கிழங்கோடு மண்டிக்குப் போய்விட்டன. ஆகவே மார்கழி இரண்டாம் தேதி சாயங்காலம், வேறு வழியில்லாமல், பதினோராம் வளைவு தன் உடுப்புகளைக் கழற்றிச் செடிகளுக்குப் போட்டது.

ஒரு வாரத்தில் செடிகள் உடுப்புக்காரர்களைப் போல ஆகிவிட்டன.

ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் கோட்டுப் போட்டிருந்த டேலியா காலை பத்து மணிக்கு விரிந்து, ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்கு மூடி, ஐந்துக்கு இறுக்கிச் சாத்திக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை வண்டு வந்து தட்டியும் திறக்கவில்லை. கண்டக்டர் மயில்சாமியின் காக்கிச் சட்டையில் இருந்த பீன்ஸ் கொடி தன் காய்களையெல்லாம் பின்னால் தள்ளித் தள்ளி அடுக்கிவிட்டு வாசல் பக்கம் எப்போதும் இன்னும் ஒன்றுக்கு இடம் வைத்திருந்தது. சாவு வீட்டில்கூடச் சிரிப்பை அடக்கமுடியாத மாதியின் வெள்ளை முண்டு போர்த்திய உருளைச்செடி, காற்றில்லாத மத்தியானத்தில் தானாகக் குலுங்கியது, குலுங்கிக் குலுங்கிக் கிழங்கை மண்ணுக்கு மேலே உதிர்த்தது. பேசிக்கொள்ளாத ஓரகத்திகள் இருவர் ஒரே புடவையைக் கிழித்து ஆளுக்குப் பாதியாக இரண்டு ரோஜாத் தொட்டிக்குப் போட்டார்கள், அந்த ரோஜாக்கள் ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்தில் மட்டும் முள் விட்டன. டீக்கடை பீரான் காக்காவின் லுங்கி போட்ட தக்காளி, வேலிக்கு வேலி கழுத்தை நீட்டிச் சாய்ந்து எல்லா வீட்டுப் பேச்சையும் கேட்டுவிட்டு, அந்த வாரமே பழுத்துச் சிவந்தது.

“இதிலே என்னா அதிசயம்?” என்றார் பீரான் காக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. “பனி உறையுறப்போ துணியிலே இருக்குறதையும் சேர்த்து உறைய வெக்குது. காலையிலே உருகுறப்போ உள்ளே போவுது. சர்க்கரை கரையலியா, அது மாதிரி.”

அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை, ஏனென்றால் அடுத்த நாளே துணி இரவல் வாங்குவது ஆரம்பித்துவிட்டது. “கொஞ்சம் பொறுப்பான ஆளோட பனியன் இருந்தாக் குடுங்க, என் முட்டைக்கோசு ஊர் சுத்துது” என்று ஒரு வீட்டில்; “உங்க மருமக சுறுசுறுப்பு, அவ தாவணி ஒண்ணு எங்க மேரக்காய்க் கொடிக்கு ரெண்டு நாள்” என்று இன்னொரு வீட்டில். கோயில் பூசாரியும் சர்ச் உபதேசியாரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே கருத்தைச் சொன்னார்கள்: எங்கள் வேட்டி கடவுளுக்குச் சொந்தம், தரமாட்டோம். சங்கத் தலைவர் தன் பொன்னாடையைத் தானாகவே கொண்டுவந்து ஊர்ப் பொதுமுட்டைக்கோசுக்குப் போர்த்தினார், கோசு பூசணிக்காய் அளவு வீங்கியது, அறுத்துப் பார்த்தால் உள்ளே காற்று. பொன்னாடையைத் துவைத்து, மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குன்னூர்ப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்த குடும்பத்திடம் மாதி ஜாதகம் கேட்கவில்லை, மாப்பிள்ளையின் சட்டையைக் கேட்டாள், தன் அண்ணன் மகளுக்காக அந்தச் சட்டையை ஜெரேனியம் மேல் மூன்று நாள் பனியில் போட்டுப் பார்த்தாள், மூன்றாம் நாள் அந்த ஜெரேனியம் பக்கத்துத் தொட்டிமேல் கையைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தது. “போயிட்டு வாங்க சாமி” என்று சட்டையைக் கையில் கொடுத்தாள். விவசாய ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து எல்லாவற்றையும் பார்த்தார், குறித்துக்கொண்டார், புறப்படும்போது தன் மஃப்ளரைக் காதோடு சேர்த்து இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

இத்தனையும் நடந்தபோது நீ தினமும் ஐந்து மணிக்கு இறங்கி வந்தாய். வந்தாயா இல்லையா? மேல் எஸ்டேட்டில் வெள்ளைக் கூண்டுக்குள் இருக்கிற வெப்பமானியைப் பார்ப்பது உன் உத்தியோகம். அன்று ராத்திரி எத்தனைக்கு இறங்கும் என்று டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவாய், 4 என்றோ 2 என்றோ, அதைப் பார்த்துத்தான் ஊர் எதை மூடுவது, எதை விடுவது என்று முடிவு செய்யும். ஊருக்கு நீ டிகிரிக்காரர். ஒன்பது குளிர்காலமாக உன் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. எழுதி முடித்துக் கையைத் தட்டிவிட்டு, நேராக சிரோன்மணியின் வேலிப் பக்கம் வந்து நிற்பாய்.

“சிரோன்மணிங்க, நான் வந்து…”

“என்ன வந்து?”

“வந்துங்க… இன்னைக்கு ரெண்டு டிகிரிங்க.”

“பலகையிலதான் எழுதியிருக்குதே. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?”

“இல்லீங்க.” அவ்வளவுதான், போய்விடுவாய். ஒன்பது குளிர்காலமாக இதே வசனம், டிகிரி மட்டும் மாறும். நீ திரும்பியதும் மாதி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரிப்பாள், “அடியே, அந்த மனுசன் டிகிரி சொல்லவா மலை இறங்கி வராரு?” என்பாள், சிரோன்மணி தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவள்மேல் எறிவாள். ஆனால் எறிகிற கை ஐந்து மணிக்கு முன்னாலேயே கழுவி இருக்கும்; அதை மாதி கவனித்திருக்கிறாள், நீ கவனித்தாயா?

மார்கழி இருபதாம் தேதி அவள் கருப்புப் பிளாஸ்டிக் பை வாங்க மேட்டுப்பாளையம் இறங்கினாள். ஜிமிக்கிச் செடிக்குப் பகல் வெயில் வேண்டும், சாயங்காலம் வந்து தன் கம்பளியைப் போர்த்திவிடலாம் என்று திறந்தபடியே விட்டுப் போனாள். கடைக்காரன் ஒரு கட்டுக்கு ஒரு ரூபாய் ஏற்றிச் சொன்னான், இவள் விடவில்லை, அவனும் விடவில்லை, கடையில் கூட்டம் கூடி இரண்டு கட்சியாகப் பிரிந்தது, கடைசியில் அந்த ஒரு ரூபாயை ஜெயித்துக்கொண்டு வெளியே வந்தபோது கடைசி பஸ் போயிருந்தது. அன்றைக்கு நீ பலகையில் எழுதியது, ‘மைனஸ் 3. எல்லாத்தையும் மூடுங்க.’ ஊர் எல்லாவற்றையும் மூடியது, நாயை மூடியது, தண்ணீர்ப் பைப்பை மூடியது, ஜிமிக்கிச் செடியை மட்டும் நின்று பார்த்துவிட்டுப் போனது. பனிக்குப் பயந்ததைவிட அவளுக்குத்தான் ஊர் அதிகம் பயந்தது. தொட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் குடை ஞாபகம்.

விடிகிற நேரம் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து வளைவில் குதித்தவள், ஓடினாள். வழியெல்லாம் வெள்ளை. வண்டிக்கூரை, வேலிக்கம்பி, காக்காய் உட்காரும் கொம்பு, எல்லாம் கண்ணாடி. கைப்பையை எறிந்தாள், பைக்கட்டை எறிந்தாள், ஜெயித்த ரூபாயைத் திட்டிக்கொண்டே ஓடினாள். தன் செடி கருகிப்போய் நிற்கும், அதை எப்படிப் பார்ப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு வேலியைத் தாண்டி, கண்ணைத் திறந்தால், செடி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறது. பாட்டில் பச்சை ஸ்வெட்டர். முழங்கையில் ஒட்டு. மேல் பித்தான்வரை ஒழுங்காகப் போட்டு, இரண்டு கையிலும் ஒவ்வொரு கிளையைப் பதமாக நுழைத்து, கழுத்துப் பட்டியை நிமிர்த்தி விட்டிருந்தது. ஸ்வெட்டருக்கு மேலே விரல் கனம் பனி, உள்ளே ஒவ்வொரு இலையும் பச்சை. ஸ்வெட்டர் பையில் கைவிட்டாள். தேய்ந்துபோன ஒரு சாக்பீஸ் துண்டு.

இருக்கிற ஒரே ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டு, மைனஸ் மூன்றில், அரைக்கைச் சட்டையோடு மூன்று மைல் மேடு ஏறிப் போயிருக்கிறாய். காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தாய் என்று கேள்வி. அது சரி, காய்ச்சல் நல்லானபின் என்ன கேடு? பலகைக்கு வரவில்லை. மேல்பாதை வழியாகவே ரேஷனுக்குப் போனாய், சம்பளத்துக்குப் போனாய், சர்ச்சுக்குக்கூடக் கோயில் திருவிழாக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனாய். பலகை காலியாகக் கிடக்கிறதே என்று பீரான் காக்கா தன் நம்பிக்கைப்படி 12 என்று எழுதிவைத்தார், ஊர் நம்பி நிம்மதியாகத் தூங்கியது, காலையில் மேரக்காய்க் கொடி அத்தனையும் கருக்கல். அவர் லுங்கியை யாரும் ஒரு வாரம் இரவல் கேட்கவில்லை.

இங்கே செடியின் கதையைக் கேள். மூன்றாம் நாளே அது அவள் பக்கம் சாய்ந்தது. அவள் குழாயடிக்குப் போனால் குழாயடிப் பக்கம், மணல் சலிக்கப் போனால் மணல் பக்கம், கோயம்புத்தூர்க் காரோடு சண்டை போட ரோட்டுக்குப் போனால் வேலிக்கு மேலே எட்டி. அவள் கத்தினால் இலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அவள் சிரித்தால் ஒரு நிமிசம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின், லேசாக ஆடும். பிறகு மொட்டு வந்தது. தை பிறக்குமுன் ஆயிரம் மொட்டு. மூக்குத்தி அளவு, அப்புறம் ஜிமிக்கி அளவு, அப்புறம் மாங்கொட்டை அளவு. கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு, இலை வைக்க இடமில்லாமல் மொட்டு. ஒன்றும் விரியவில்லை.

தினமும் காலையில் பூவாளியோடு போய் நின்று, “என்ன?” என்பாள் சிரோன்மணி. உடனே ஆயிரம் மொட்டும் நடுங்கும். ஒவ்வொன்றின் நுனியும் நூல் அளவு பிரியும், உள்ளே இருக்கிற ஊதா நிறம் மின்னும், டீக்கடையில் ஆட்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அப்புறம் ஆயிரமும் ஒன்றாக வாயை மூடிக்கொள்ளும்.

“வந்துங்க… இன்னைக்கு ரெண்டு டிகிரிங்க” என்பான் மயில்சாமி, பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி. பஸ்ஸே சிரிக்கும்.

“டிக்கெட்டைக் கிழிடா, வாயைக் கிழிச்சுப்போடுவேன்!” என்பாள் அவள்.

ஆனால் தை பத்தில் சிரிப்பு குறைந்தது. மொட்டுக் கனத்தில் கிளைகள் தரை தொட்டன. மூங்கில் ஊன்றிப் பழைய புடவைக் கிழிசலால் தூக்கிக் கட்டினாள், துணி காயப்போடுகிற கயிறெல்லாம் செடிக்குப் போயிற்று. பத்துக் கிளை ஒடித்து மணலில் ஊன்றிப் பார்த்தாள், ஒன்றுகூட வேர் விடவில்லை. பத்தும் ஆளுக்கொரு மொட்டை மட்டும் பெற்றுக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றன. மொட்டை விடாமல் பிடித்திருக்கிற கிளை வேர் விடாது, வேர் விடாவிட்டால் மாசியில் குட்டி இல்லை, அதற்குள் தாயே முறிந்துவிட்டால் நர்சரி என்ற பெயரைக் கண்டக்டர்கள் கூவவேண்டியதில்லை. அவள் மண்டியில் பொறுக்கிய காலத்துக்கே திரும்பிப் போகவேண்டியதுதான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. வாயே மூடாத மயில்சாமியின் சட்டையைப் போட்டுப் பார்த்தார்கள், மொட்டுகள் சில்லறை மாதிரிக் குலுங்கின, திறக்கவில்லை. மாதியின் முண்டைப் போட்டார்கள், செடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டது, திறக்கவில்லை. சிரோன்மணி தன் கம்பளியையே போட்டாள், ஸ்வெட்டரில் ஊறிய செடிக்கு அது இப்போது ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் செடி தன் இலையாலேயே தன்னை அறைந்துகொண்டிருந்தது. பதறிப்போய்க் கம்பளியைப் பிடுங்கிவிட்டுப் பழைய பச்சை ஸ்வெட்டரையே போட்டாள்.

“மேலே போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடேன்” என்றாள் மாதி.

“நானா? எதுக்குடி? நானா அவருகிட்டே ஸ்வெட்டர் கேட்டேன்? போட்டவரு வந்து பதில் சொல்லட்டும்!” என்றவள், சொன்ன கையோடு வளைவின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, “யோவ், டிகிரி! இறங்கி வாய்யா கீழே!” என்று கத்தினாள். அந்தக் குரல் உன் கூண்டைத் தட்டியது, உன் வெப்பமானியில் பாதரசம் ஒரு கோடு ஏறியது, பள்ளத்தாக்கு முழுவதும் ‘வாய்யா, வாய்யா’ என்றது, எதிர்மலையில் மேய்ந்த மாடுகள்கூட இறங்கி வந்தன. நீ என்ன செய்தாய்? ஜன்னலைச் சாத்தினாய். சாத்தின சத்தமும் கேட்டது. பதினோராம் வளைவில் காது கேட்காதவன் யாருமில்லை.

தை இருபதாம் தேதி காலையில் நடந்ததுதான் நீ அறியவேண்டிய முக்கியமான சமாச்சாரம். கடும் பனி. கம்பளி நாற்றுகள்மேல் இருந்தது. வெயில் மலை முகட்டில் நூல் பிடித்துவிட்டது, அவள் குளிரில் பல் கிடுகிடுக்கப் பூவாளியோடு ஓடிக்கொண்டிருந்தாள். கழுவுவதற்காகச் செடியிலிருந்து கழற்றிய ஸ்வெட்டர் தோளில் கிடந்தது. யோசிக்கவில்லை, மாட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. ஒரு அம்மாள் இறங்கி ஒரு ஜெரேனியத்தைக் காட்டி, “இது எவ்வளவுமா?” என்றாள்.

இப்படி ஒரு கேள்விக்காகவே பிறந்தவள் சிரோன்மணி. முதலில் வானத்தைத் தொடுகிற ஒரு விலை, அப்புறம் செடியின் குலப்பெருமை, அப்புறம் ‘உங்களுக்காக’ என்று ஒரு படி இறக்கம், அப்புறம் கோபம், அப்புறம் சமாதானம். இத்தனையும் நாக்கில் வரிசைகட்டி நிற்கும். அன்று வரிசை நின்றது, ஆனால் நகரவில்லை. தொண்டையில் ஒரு சொல் வீங்கியது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒன்பது குளிர்காலத்துச் சொற்கள், எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு, ஒன்றும் கெட்டதில்லை, எல்லாம் நல்லது, நல்லது என்பதாலேயே எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நெஞ்சுவரை கனத்தது.

“நான் வந்து…” என்றாள்.

“சொல்லுங்கம்மா.”

“வந்துங்க… இன்னைக்குப் பனி ஜாஸ்திங்க.”

அந்த அம்மாள் தனக்குத் தோன்றிய காசைக் கையில் வைத்து, ஒன்றுக்கு இரண்டு தொட்டியாகத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போனாள். சிரோன்மணி வாய் திறந்தபடி டாட்டா காட்டினாள். டீக்கடையில் பீரான் காக்காவின் கையிலிருந்து கிளாஸ் விழுந்து உடைந்தது. சிரோன்மணியிடம் ஒருத்தி பேரம் பேசாமல் ஜெயித்துப் போன செய்தி, அந்தக் கார் பத்தாம் வளைவைத் தொடுமுன் ஒன்றாம் வளைவுக்கு இறங்கிவிட்டது.

அவள் ஸ்வெட்டரை மெல்லக் கழற்றினாள். மணல் குவியல்மேல் உட்கார்ந்தாள். முதலில் தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று மாதி ஓடிவந்தாள், பார்த்தால் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், மணலை வாரி வாரி இறைத்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு மாதிக்குத் தொற்றி, மாதியிடமிருந்து உருளைச்செடிக்குத் தொற்றி, கிழங்கெல்லாம் குதித்து ரோட்டுக்கு உருண்டது.

“இத்தனையும் தொண்டையில வெச்சுக்கிட்டாடி அந்த மனுசன் தினம் மலை இறங்கி ஏறினாரு!” என்றாள். “நான் என்னமோ உள்ளே ஒண்ணுமில்லாத மனுசன்னு நெனைச்சேன். அடப்பாவி, எனக்கு ஒரு நிமிசம் தாங்கலை, ஒம்பது வருசம் எப்படித் தாங்கினாரு?”

“இப்ப என்ன பண்ணப்போறே?”

சிரோன்மணி எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, டீக்கடை வாசலுக்கு வந்தாள். மயில்சாமி விசில் ஊதாமல் பஸ்ஸை நிறுத்திவைத்தான். ஓரகத்திகள் இருவரும் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க” என்றாள். “வியாபாரத்துல மொதல்ல வாயைத் திறக்கறவ தோத்தா. இது எனக்கு மண்டியில அடிச்சுச் சொல்லிக்குடுத்த பாடம். இந்த முப்பத்திநாலு வருசத்துல ஒருத்தன்கிட்டேயும் நான் மொதல்ல திறந்ததில்லை. இன்னைக்குத் திறக்கறேன், போங்க, தோத்துட்டேன்னே வெச்சுக்குங்க. அவரு என்ன கேக்கணும்னு ஒம்பது வருசமா வந்து வந்து போறாரோ, அதுக்கு என் பதில் சரி. சம்மதம். இதுல குறைக்கவும் மாட்டேன், ஏத்தவும் மாட்டேன். யாராச்சும் மேலே போனாச் சொல்லிப்போடுங்க.”

பஸ் முழுக்கக் கைதட்டியது. டேலியா அன்று மட்டும் ஒன்பது மணிக்கே விரிந்தது. எல்லோரும் ஜிமிக்கிச் செடியைத் திரும்பிப் பார்த்தார்கள், இப்போதாவது விரியுமென்று. ஆயிரம் மொட்டும் இதுவரை பிரியாத அளவுக்குப் பிரிந்து, ஊதா வெளியே எட்டிப் பார்த்து, அவளைப் பார்த்து, ஊரைப் பார்த்து, வெட்கப்பட்டு, அப்படியே நின்றுவிட்டன; திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அவள் சொன்னால் அது விரியாதாம். யாருடைய ஸ்வெட்டரோ அவன் வாயால் வரவேண்டுமாம்.

சேதி சொல்ல மயில்சாமி மேலே வந்தான், நீ தேயிலைக்காட்டுக்குள் புகுந்தாய். பீரான் காக்கா ஒரு பொட்டலம் வடையோடு வந்தார், வடையை வாங்கிக்கொண்டு, “நான் வந்து…” என்றாய், அவர் காதைத் தீட்டினார், “ராத்திரி ஒரு டிகிரிங்க” என்றாய். அதனால்தான் ஊர் கூடி இதை எழுத்தில் வைத்து, உன் கூண்டுக்குள், வெப்பமானிக்குப் பக்கத்தில் செருகவேண்டி வந்தது. காலையில் நீ கட்டாயம் பார்க்கிற இடம் அது ஒன்றுதான்.

இன்று காலை மூன்று கிளை முறிந்தன. விரல் நெட்டி முறிக்கிற சத்தம்தான், ஆனால் அவள் பூவாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கட்டுப்போட்டாள். இன்னும் ஏழு கிளை தாங்கும், அதிகம் போனால் நான்கு நாள். அப்புறம் தாய் இல்லை.

ஆகவே கேள், மேலே ஒளிந்திருக்கிற மகராசனே. மேல்பாதையில் வராதே. பஸ் ரோட்டில் வா, பகல் வெளிச்சத்தில் வா, வேலியைத் திறந்துகொண்டு உள்ளே வா. ஊர் முழுக்க எதிர்மலையைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்யும், அதற்கு நாங்கள் பொறுப்பு. மாதி சிரித்தால் அவள் வாயில் முண்டைத் திணிக்கவும் ஆள் போட்டாயிற்று. சிரோன்மணி முன்னால் நின்று வாயைத் திற. டிகிரியை விழுங்கு, மீதியை வெளியே விடு. கேள்வியே வராமல் அவள் பதிலைச் சொல்லிவிட்டாள், அந்தப் பதில் ஒரு வாரமாகத் தன்னந்தனியாகப் பனியில் நிற்கிறது, அதன்மேல் போர்த்த இந்த ஊரில் எவன் துணியும் பொருந்தவில்லை. நீ போட்டதை நீதான் சரிசெய்யவேண்டும். வெயில் ஏறுமுன் வந்து கேட்டுவிடு.